ஸ்பீக்கர் ஒயரை மாற்றினால் பாட்டு மாறுமா?

ஸ்டீரியோ பைத்தியங்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் கேபிளில் வந்து நிற்கும். கேபிளை மாற்றியதும் பாடகரின் குரலுக்கு முன்னால் தொங்கிய திரை விலகிவிட்டது என்பார் ஒருவர். செம்பு செம்புதான், மிச்சமெல்லாம் வியாபாரம் என்பார் இன்னொருவர். இருவருமே கேபிளைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். கேபிளுக்கென்று ஒரு ஒலி கிடையாது. இந்த முனையில் எது இருக்கிறது, அந்த முனையில் எது இருக்கிறது என்று தெரிந்தால்தான், நடுவில் ஓடும் கேபிள் ஏதாவது செய்யுமா செய்யாதா என்று சொல்ல முடியும். சில இடங்களில் 200 ரூபாய் கேபிளும் 20,000 ரூபாய் கேபிளும் ஒன்றுதான். வேறு சில இடங்களில் ஒன்றிரண்டு மீட்டர் கூடினாலே காதுக்குத் தெரியும். எந்த இடம் எது என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். அதற்கு மின்தடை, கெபாசிட்டன்ஸ் (அருகருகே ஓடும் இரண்டு கம்பிக்கு நடுவே மின்னூட்டம் தேங்கும் அளவு), இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதைக் கம்பி எதிர்க்கும் அளவு) என்ற மூன்று எண்கள் போதும்.

முதலில் ஸ்பீக்கர் ஒயர். இங்கே மின்தடைதான் ராஜா. ஒரு முனையில் ஆம்ப்ளிஃபயர். நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் அதன் வெளியீட்டு மின்தடை 0.1 ஓமுக்கும் கீழே. மறுமுனையில் ஸ்பீக்கர். பின்பக்கம் 8 ஓம் என்று அச்சிட்டிருந்தாலும் அது 8-லேயே நிற்பதில்லை. அதிர்வெண் மாற மாற, ஒரு சாதாரண இருவழி ஸ்பீக்கர் ஓரிடத்தில் 4 ஓமுக்கு இறங்கும், இன்னோரிடத்தில் 30 ஓமுக்கு ஏறும். ஒயர் இந்த ஸ்பீக்கரோடு தொடரிணைப்பில் இருப்பதால், 4 ஓம் இடத்தில் ஒயர் அதிகம் தின்னும், 30 ஓம் இடத்தில் கொஞ்சமாகத் தின்னும். ஒலியளவு மொத்தமாகக் குறைந்தால் வால்யூமைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். இப்படி ஏற்றத்தாழ்வாகக் குறைந்தால் ஸ்பீக்கரின் குணமே மாறும்.

எவ்வளவு மாறும்? 0.75 சதுர மி.மீ. ஒயரில் 10 மீட்டர் ஓடினால், போகவும் வரவும் சேர்த்து 0.46 ஓம். மேலே சொன்ன ஸ்பீக்கரில் 4 ஓம் இடத்துக்கும் 30 ஓம் இடத்துக்கும் நடுவே 0.8 டெசிபல் வித்தியாசம் புதிதாக முளைக்கும். பழகிய காது இதைப் பிடித்துவிடும். அதே 10 மீட்டருக்கு 2.5 சதுர மி.மீ. போட்டால் 0.14 ஓம், வித்தியாசம் கால் டெசிபல். தூரம் 5 மீட்டராகக் குறைந்தால் அதிலும் பாதி. அதற்குமேல் செம்பைத் தடிமனாக்கிக்கொண்டே போவதில் பயனில்லை. ஸ்பீக்கர் பெட்டிக்குள் பாஸையும் உச்ச ஒலியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் சுருளுக்கே 0.3 ஓம் போல மின்தடை இருக்கும். வெளியே விரல் பருமனுக்கு ஒயர் போட்டாலும் உள்ளே அந்த மெல்லிய கம்பியைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

கையில் வைத்துக்கொள்ள ஒரு விதி: ஒயரின் மொத்த மின்தடை, ஸ்பீக்கர் இறங்கும் மிகக் குறைந்த ஓமில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 4 ஓம் வரை இறங்கும் ஸ்பீக்கருக்கு அது 0.2 ஓம். அந்த எல்லைக்குள் 0.75 சதுர மி.மீ. ஒயரை 4 மீட்டர் வரை ஓட்டலாம். 1.5 என்றால் 8 மீட்டருக்குச் சற்று மேல், 2.5 என்றால் 14 மீட்டர், 4 என்றால் 23 மீட்டர். பெரும்பாலான ஹால்களில் 2.5 போதும், அதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது. வால்வ் ஆம்ப் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கையும் விட்டுவிடலாம். அந்த ஆம்ப்பின் வெளியீட்டு மின்தடையே ஒன்றிரண்டு ஓம் இருக்கும். ஒயர் சேர்ப்பது அதற்கு முன் ஒன்றுமில்லை.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. அமெரிக்காவில் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை 1983-இல் ஒரு சோதனை நடத்தி வெளியிட்டது. அப்போது பிரபலமாகிக்கொண்டிருந்த மான்ஸ்டர் கேபிள், சாதாரண 16 கேஜ் விளக்கு ஒயர், மெல்லிய 24 கேஜ் ஒயர் ஆகிய மூன்றையும், எது ஓடுகிறது என்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். 24 கேஜ் ஒயரை, அதிலும் பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்ணும் கலந்த 'ஷ்ஷ்' என்ற சோதனை இரைச்சல்) ஓடவிட்டபோது, கேட்டவர்கள் பிரித்துச் சொன்னார்கள். 16 கேஜையும் மான்ஸ்டரையும் இசையை வைத்துப் பிரிக்க முடியவில்லை. 24 கேஜ் என்பது வெறும் 0.2 சதுர மி.மீ., 16 கேஜ் 1.3 சதுர மி.மீ. மேலே போட்ட கணக்கு சொல்வதும் இதைத்தான்.

கடையில் ஏமாறும் இடம் வேறு. சென்னை ரிச்சி தெருவிலும் சரி, ஆன்லைனிலும் சரி, 'ஸ்பீக்கர் ஒயர்' என்ற பெயரில் விற்கும் மலிவுச் சரக்கில் கணிசமானது செம்பு முலாம் பூசிய அலுமினியம். ஒரே பருமனில் செம்பைவிட அதன் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வெளியிலிருந்து பார்த்தால் செம்பு நிறம்தான். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு ஒயர் இதற்கு நேர்மாறு: வெளியே வெள்ளை, சுரண்டினால் செம்பு. இன்னொரு தந்திரம் தடித்த பிளாஸ்டிக் உறை. வெளியே பார்த்தால் 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.), உரித்தால் உள்ளே 1 ஸ்கொயர்கூட இருக்காது. வீட்டு வயரிங்குக்கு விற்கும் ஐஎஸ்ஐ முத்திரை ஒயரில் இந்தத் தொல்லை குறைவு: 1.5-க்கு 0.3 மி.மீ. இழைகள் 22 இருக்கும், 2.5-க்கு 36. எண்ணிப் பார்த்துவிடலாம். ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு வாங்கிச் சேர்த்து முறுக்கினால் அருமையான ஸ்பீக்கர் கேபிள். முறுக்குவது அழகுக்காக மட்டும் இல்லை. இரண்டு கம்பியும் ஒட்டி ஓடினால் இண்டக்டன்ஸ் குறையும்.

ஏற்கெனவே வீட்டில் கிடக்கும் ஒயர் எப்படிப்பட்டது என்று அளக்க வேண்டுமா? மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்ச் இதற்கு உதவாது, 0.1 ஓம் போன்ற அளவுகளில் அதன் சொந்த ஒயரின் மின்தடையே அதைவிட அதிகமாக இருக்கும். ஒரு 12 வோல்ட் பைக் பேட்டரியும் 21 வாட் இண்டிகேட்டர் பல்பும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் ஒயரின் ஒரு கோடியில் இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கிவிட்டு, மறுகோடி வழியாகப் பல்போடு தொடரில் பேட்டரிக்கு இணையுங்கள். மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வைத்து மின்னோட்டத்தை அளந்தால் 1.7 ஆம்பியர் அளவில் வரும். பிறகு மீட்டரைச் சுற்றிலிருந்து எடுத்து, சுற்றை நேராக இணைத்துவிட்டு, ஒயரின் இந்த முனையில் இரண்டு கம்பிக்கும் நடுவே மில்லிவோல்ட் பாருங்கள். மில்லிவோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மில்லிஓம். 10 மீட்டர் அசல் 2.5 ஒயரில் 240 மில்லிவோல்ட் அளவில் வர வேண்டும். 350-ஐத் தாண்டினால் உங்களுக்கு விற்றது அலுமினியம், அல்லது சொன்ன பருமன் அதில் இல்லை. மீட்டரின் சிவப்பு முள்ளை 10 ஆம்பியர் துளையிலிருந்து வோல்ட் துளைக்கு மாற்ற மறக்க வேண்டாம்; மறந்தால் அளவு சரியாக வராது.

முனைகளில்தான் நிஜமான கோளாறுகள் நடக்கின்றன. ஒயரை 10 அல்லது 12 மி.மீ. உரித்து, இழைகளை இறுக்கி முறுக்கி, டெர்மினலில் நுழைத்துத் திருகினால் போதும். ஒற்றை இழை வெளியே துருத்திப் பக்கத்து டெர்மினலைத் தொட்டால் ஆம்ப்பின் வெளியீட்டு டிரான்சிஸ்டருக்கு ஆபத்து. இழை சிதறக்கூடாது என்று ஈயம் பற்றவைப்பவர்கள் உண்டு. திருகு அழுத்தும் இடத்தில் அது கூடாது: ஈயம் மெதுவாக நசுங்கி வழிந்துகொடுக்கும், ஆறு மாதத்தில் திருகு தளர்ந்திருக்கும். அதற்குப் பதில் கிரிம்ப் செய்யும் சிறு குழாய்முனையோ பனானா பிளக்கோ போடலாம். கடலோர ஊர்களில் வெறும் செம்பு கறுத்துப்போகும். வருடத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டிவிட்டுப் புதிதாக உரித்துக்கொள்வது நல்லது.

ஒயரால் வரக்கூடிய மிகப் பெரிய ஒலி மாற்றம் காசு செலவில்லாதது: ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ் மைனஸ் மாறிப்போவது. பாஸ் காணாமல் போகும், நடுவில் நிற்க வேண்டிய குரல் அறை முழுக்கச் சிதறும். சந்தேகம் வந்தால் ஒயரை ஆம்ப் பக்கம் கழற்றி, ஒரு 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸை ஒயரின் பிளஸில் நொடிப்பொழுது தொட்டுப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரிலும் பாஸ் கோன் ஒரே திசையில் நகர வேண்டும். பெரும்பாலான ஸ்பீக்கர்களில் அது முன்னால் வரும்.

மின்தடையைத் தாண்டி இண்டக்டன்ஸும் கெபாசிட்டன்ஸும் ஸ்பீக்கர் பக்கம் அபூர்வமாகத்தான் தலைகாட்டும். சாதாரண இரட்டை ஒயர் 5 மீட்டரில் 3 மைக்ரோஹென்றி இருக்கும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 20 கிலோஹெர்ட்ஸில் அது பிடிக்கும் இழப்பு 0.04 டெசிபல். உச்ச அதிர்வெண்களில் 1 ஓமுக்கு இறங்கும் எலக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கர் (கோனுக்குப் பதில் மெல்லிய படலம் அதிரும் வகை) என்றால்தான் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். மாறாக, பின்னல் பின்னலாக நெய்த சில விலையுயர்ந்த கேபிள்களில் கெபாசிட்டன்ஸ் மிக அதிகம். வெளியீட்டில் பாதுகாப்புச் சுருள் இல்லாத ஆம்ப் அதைத் தாங்காமல் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஆட ஆரம்பித்துச் சூடாகும். பிரிட்டனின் நெய்ம் நிறுவனம் தன் பழைய ஆம்ப்களுக்கு அந்தச் சுருளைப் போடாமல், ஸ்பீக்கர் கேபிளின் இண்டக்டன்ஸையே நம்பி வடிவமைத்தது. அதனால்தான் தங்கள் கேபிளையே, ஒரு பக்கத்துக்குக் குறைந்தது 3.5 மீட்டர் போடுங்கள் என்றார்கள். அந்த ஆம்ப்புக்கு அது மந்திரமில்லை, சுற்றின் ஒரு பாகம். அதைப் படித்துவிட்டு வேறு ஆம்ப்புக்கு அதே விதியைச் சொல்பவர்களை விட்டு விலகி இருங்கள்.

வலதும் இடதும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். 2 மீட்டர் வித்தியாசத்துக்குச் சிக்னல் தாமதம் 10 நானோநொடி. அந்த நேரத்தில் காற்றில் ஒலி நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் முந்நூறில் ஒரு பங்கு. தலையை லேசாகத் திருப்பினாலே அதைவிட ஆயிரம் மடங்கு.

இனி ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குச் சிக்னலைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிள்கள். இங்கே மின்தடைக்கு வேலையே இல்லை. மறுமுனை 10,000 ஓமுக்கு மேல், நடுவில் அரை ஓம் வந்து என்ன செய்யும்? கெபாசிட்டன்ஸைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் சிக்னலை அனுப்பும் கருவியின் வெளியீட்டு மின்தடையோடு சேர்த்து. சிடி பிளேயர், டிஏசி (டிஜிட்டல் எண்களை ஒலிச் சிக்னலாக்கும் கருவி) எல்லாம் 100 ஓம் மாதிரி. மீட்டருக்கு 100 பிகோஃபேரட் உள்ள கேபிளில் 2 மீட்டர் ஓட்டினால், உச்ச அதிர்வெண்கள் சரியத் தொடங்குவது 8 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில். நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது. ஆக, சிடி பிளேயருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே எந்த நல்ல கேபிளும் ஒன்றுதான்.

ஆனால் ஆர்சிஏ கேபிளை ஒரு பேசிவ் பிரீஆம்ப்பின் (சிக்னலைப் பெருக்காமல் வால்யூமை மட்டும் குறைக்கும் பெட்டி) பின்னால் போடுங்கள். 50 கிலோஓம் வால்யூம் கண்ட்ரோல், நடுவாக்கில் திருகிய நிலையில் 12.5 கிலோஓம் வெளியீட்டு மின்தடை தரும். மீட்டருக்கு 150 பிகோஃபேரட் கேபிளில் 5 மீட்டர் ஓட்டினால் சரிவு 17 கிலோஹெர்ட்ஸிலேயே ஆரம்பம். 20 கிலோஹெர்ட்ஸில் 3.8 டெசிபல் காணாமல் போயிருக்கும். 10 கிலோஓம் கண்ட்ரோலுக்கு மாறி, கேபிளையும் 1 மீட்டராக்கினால் இழப்பு அளக்கவே சிரமமாகிவிடும். பேசிவ் பிரீஆம்ப் வைத்திருப்பவர் 'எனக்கு ஒவ்வொரு கேபிளும் ஒவ்வொரு மாதிரி கேட்கிறது' என்றால் நம்புங்கள்.

கேபிள் உண்மையிலேயே இசைக்கருவி போல நடந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு: இசைத்தட்டு பிளேயர். ஊசியின் அசைவை மின்சிக்னலாக மாற்றுவது கார்ட்ரிட்ஜ். அதில் காந்தம் அசையும் மூவிங் மேக்னட் வகையின் உள்ளே நூல்போன்ற கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகள். இண்டக்டன்ஸ் பெரும்பாலும் அரை ஹென்றி அளவில். அந்தச் சுருளும் கேபிளின் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து காது கேட்கும் எல்லைக்குள்ளேயே ஒரு ஒத்ததிர்வை உண்டாக்குகின்றன. ஆடியோ டெக்னிகாவின் விஎம்95ஈ கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொள்வோம்: 550 மில்லிஹென்றி, நிறுவனம் கேட்கும் மொத்த கெபாசிட்டன்ஸ் 100 முதல் 200 பிகோஃபேரட். 200-இல் ஒத்ததிர்வு 15 கிலோஹெர்ட்ஸில் விழும். 450-க்குப் போனால் 10 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அந்த இடத்தில் ஒலி மேடுகட்டி, அதற்குப் பிறகு சரேலென்று விழும். பாடகரின் 'ஸ' சீறும், ஜால்ராவின் ஓசை தகரம்போல ஒலிக்கும், அதற்கு மேலே காற்றோட்டமே இருக்காது.

450 எங்கிருந்து வரும் என்று கேட்காதீர்கள், சுலபமாக வரும். கார்ட்ரிட்ஜைத் தாங்கும் டோன்ஆர்ம் கையின் உள்ளே ஓடும் ஒயருக்கு 30, மீட்டருக்கு 130 உள்ள கேபிள் ஒன்றரை மீட்டருக்கு 195, இசைத்தட்டின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் போனோ பிரீஆம்ப்பின் உள்ளே ஏற்கெனவே பற்றவைத்திருக்கும் 220. கூட்டினால் 445. ஆகவே முதலில் பிரீஆம்ப்பின் கையேட்டில் உள்ளீட்டு கெபாசிட்டன்ஸைப் பாருங்கள். கார்ட்ரிட்ஜ் கேட்கும் எண்ணிலிருந்து அதையும் டோன்ஆர்முக்கு ஒரு 30-ஐயும் கழியுங்கள். மிச்சமிருப்பதுதான் கேபிளுக்கான பட்ஜெட். கேபிளை அளக்க, இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு, நடு முள்ளுக்கும் வெளி வளையத்துக்கும் இடையே கெபாசிட்டன்ஸ் மீட்டரை வைத்தால் போதும். மீட்டரின் சொந்த ஒயர் காட்டும் அளவைக் கழித்துவிடுங்கள். குறைந்த கெபாசிட்டன்ஸ் வேண்டுமென்றால், நுரை இன்சுலேஷன் உள்ள 75 ஓம் வீடியோ கேபிள் மீட்டருக்கு 55 பிகோஃபேரட் பக்கம்தான் வரும். அதில் செம்புப் பின்னல் அடர்த்தியாக உள்ளதாகப் பாருங்கள். அலுமினியப் பின்னலில் ஈயம் ஒட்டாது.

குறைவாக இருந்தால் எப்போதும் நல்லது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷூர் நிறுவனத்தின் பழைய வி15 மூன்றாம் வகை கார்ட்ரிட்ஜ் 400 முதல் 500 பிகோஃபேரட் எதிர்பார்த்து வடிவமைத்தது. அதற்கு நவீன குறைந்த கெபாசிட்டன்ஸ் கேபிள் போட்டால் மேல் ஸ்தாயியில் பள்ளம் விழும். அங்கே செய்ய வேண்டியது, பிரீஆம்ப் உள்ளீட்டில் ஒவ்வொரு சேனலுக்கும் 100 அல்லது 220 பிகோஃபேரட் பாலிஸ்டைரீன் கெபாசிட்டர் ஒன்றைக் குறுக்கே சேர்ப்பது. சில ரூபாய் வேலை. காந்தத்துக்குப் பதில் சுருளே அசையும் மூவிங் காயில் கார்ட்ரிட்ஜுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. அதன் சுருள் மிகச் சிறியது. அதன் எதிரி ஹம், அதாவது மின்சாரத்திலிருந்து சிக்னலில் கலக்கும் 'ம்ம்' என்ற இரைச்சல்.

ஹம்முக்கு வருவோம். ஆர்சிஏ கேபிளின் வெளிப் பின்னல் கவசமாகவும் இருக்கிறது, சிக்னல் திரும்பும் பாதையாகவும் இருக்கிறது. இரண்டு கருவிகளும் தனித்தனியாக எர்த் ஆகியிருந்தால் அந்தப் பின்னல் வழியே எர்த் மின்னோட்டம் ஓடும். 1 மில்லிஆம்பியர் ஓடுகிறது, பின்னலின் மின்தடை 50 மில்லிஓம் என்றால் 50 மைக்ரோவோல்ட் ஹம். சிடி பிளேயரின் 2 வோல்ட்டுக்கு முன் அது 92 டெசிபல் கீழே, காதில் விழாது. இசைத்தட்டின் 5 மில்லிவோல்ட்டுக்கு முன் வெறும் 40 டெசிபல் கீழே, நன்றாகவே கேட்கும். கேபிள் அதேதான், முனைகள்தான் வேறு.

நம் வீடுகளில் பெரும்பாலும் குற்றவாளி கேபிள் டிவி ஒயர். தெருவிலிருந்து வரும் அந்தக் கோஆக்ஸ் தன்னோடு வேறொரு எர்த்தையும் கொண்டுவருகிறது. செட்டாப் பாக்ஸின் பின்னால் அதைக் கழற்றுங்கள். ஹம் நின்றால் கண்டுபிடித்தாயிற்று. டிவியிலிருந்து ஆம்ப்புக்கு ஆப்டிகல் கேபிளில் சத்தத்தைக் கொண்டுபோனால் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ மின்சாரத்தைக் கடத்தாது, பிரச்சினை அறுந்தது. டிவி காரணமில்லை என்றால் ஆம்ப்பின் எல்லா உள்ளீட்டையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் சொருகி, எப்போது ஹம் வருகிறது என்று பாருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகினாலே பாதித் தொல்லை தீரும். டர்ன்டேபிளின் மெல்லிய எர்த் ஒயரை ஆம்ப்பின் ஜிஎன்டி (கிரவுண்ட்) திருகில் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றவோ வெட்டவோ கூடாது. ஹம் நிற்கும், உண்மைதான். உள்ளே இன்சுலேஷன் போனால் கருவியின் உலோகப் பெட்டி 230 வோல்ட்டில் நிற்கும்.

சில கேபிள்களில் அம்புக்குறி போட்டிருப்பார்கள். மின்னோட்டத்துக்குத் திசை பிடிக்கும் என்பதெல்லாம் கதை, சிக்னல் நொடிக்கு ஆயிரம் முறை திசை மாறுகிறது. ஆனால் உள்ளே இரண்டு கம்பியும் தனிக் கவசமும் இருந்து, கவசத்தை ஒரு முனையில் மட்டும் இணைத்திருந்தால் அந்த அம்புக்கு அர்த்தம் உண்டு: இணைத்த முனை சிக்னல் புறப்படும் கருவியின் பக்கம் வர வேண்டும்.

டிஜிட்டல் கேபிளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோளாறு வந்தால் டக் டக்கென்று சத்தம் வரும், அல்லது விட்டுவிட்டுக் கேட்கும். 'இதம் குறைந்தது' என்ற வகைக் கோளாறு எண்களால் வருவதில்லை. மின்சாரக் கேபிளுக்கும் அதே கதை: சுவருக்குள் பல மீட்டர் சாதாரண ஒயரில் வந்த மின்சாரத்தைக் கடைசி ஒன்றரை மீட்டர் திருத்தப்போவதில்லை. சாக்கெட் தளர்ந்து பொறி பறந்தால் மட்டும் உடனே மாற்றுங்கள்.

அப்படியானால் கேபிளை மாற்றியதும் நிறைய பேருக்கு வித்தியாசம் கேட்கிறதே? கேட்கக் காரணம் இருக்கிறது. கழற்றிச் சொருகும்போது பிளக்கில் படிந்த ஆக்சைடு உரசிப் போகிறது. தளர்ந்த திருகு இறுகுகிறது. ஸ்பீக்கர் இரண்டு அங்குலம் நகர்ந்திருக்கும். அதனால் ஒரு நியாயமான சோதனை: புதிய கேபிளைப் போட்டுக் கேட்ட பிறகு, பழையதையே சுத்தம் செய்து மறுபடி மாட்டிக் கேளுங்கள். பாதி சர்ச்சை அங்கேயே தீரும். மிச்சத்துக்கு இன்னொருவர் உதவி வேண்டும். ஸ்பீக்கர் டெர்மினலில் 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலிக்கு வோல்ட்டை அளந்து, இரண்டு கேபிளுக்கும் 1 சதவீதத்துக்குள் வருமாறு வால்யூமைச் சரிசெய்யுங்கள். ஒன்று சற்றே உரக்க ஒலித்தால்கூட மனம் அதைத்தான் 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். உதவிக்கு வந்தவர் உங்கள் பார்வையில் படாமல், ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டி, அதன்படி கேபிளை மாட்டட்டும். கேட்பது ஒரே பாட்டின் அதே 20 விநாடிகளாக இருக்கட்டும், அதோடு கொஞ்சம் பிங்க் நாய்ஸும். 16 முறை செய்து, எது எது என்று எழுதிவையுங்கள். வெறும் ஊகத்தில் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வரும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. அந்த 12 உங்களுக்கு வந்தால் கேபிளின் மின்தடையையும் கெபாசிட்டன்ஸையும் அளந்து பாருங்கள், காரணம் பெரும்பாலும் அந்த எண்களிலேயே இருக்கும். 8, 9 என்று வந்தால் புதிய கேபிளைத் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று பில்லில் பாருங்கள்.